தோற்றுக்கொண்டே வென்ற படை: அமெரிக்க விடுதலைப் போரின் தலைவர்களும் சிப்பாய்களும்

அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் வென்ற பெருஞ்சண்டைகளைவிடத் தோற்றவையே அதிகம் என்றால், அந்தப் போரை உண்மையில் வென்றவர் யார், தலைவரா, சிப்பாய்களா, பிரான்சா என்பது கேள்வி. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாது. ஆயினும் தலைவரையும் சிப்பாயையும் தனித்தனித் தட்டுகளில் வைத்து எடை போட்டால் விடை கிடைக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போரை நடத்தியது எட்டு ஆண்டுகள் கலையாமல் நின்ற ஒரு படை. அது கலையாமல் நின்றதற்குக் காரணம், மேலிருந்தவர்களும் கீழிருந்தவர்களும் தங்களுக்குள் மீண்டும் மீண்டும் பேசி, சண்டையிட்டு, விட்டுக்கொடுத்து அமைத்துக்கொண்ட உடன்பாடு. அந்த உடன்பாட்டில் சிப்பாய்கள் தங்கள் பங்கை நிறைவேற்றினார்கள். நாடு தன் பங்கை மிகவும் தாமதமாகவும் அரைகுறையாகவுமே நிறைவேற்றியது.

பிரான்சின் பங்கு பெரியது. 1776 முதலே மறைமுகமாக வெடிமருந்தும் துப்பாக்கிகளும் அங்கிருந்து வந்தன. 1781-இல் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பற்படை கடல்வழியை அடைத்திராவிட்டால் பிரிட்டிஷ் படைத்தலைவர் காரன்வாலிஸ் தப்பிச் சென்றிருப்பார். ஆனால் பிரான்சு வெளிப்படையாக உடன்படிக்கை செய்துகொண்டது 1778 பிப்ரவரியில். போர் தொடங்கியதோ 1775 ஏப்ரலில். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு படை களத்தில் இருந்து, 1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் தளபதி பர்கோய்னின் முழுப் படையையும் சரணடைய வைத்துக் காட்டிய பிறகுதான் பிரெஞ்சு அரசு பகிரங்கமாகக் களத்தில் இறங்கியது. ஆகவே அந்த மூன்று ஆண்டுகளைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும்.

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் துப்பாக்கிகள் வெடித்தபோது அமெரிக்கர்களிடம் படை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. மாசசூசெட்ஸ் உழவர்களும் கைவினைஞர்களும் தத்தம் ஊர்க் குடிப்படைகளாக வந்து பாஸ்டன் நகரைச் சூழ்ந்துகொண்டார்கள். பல அணிகளில் அதிகாரிகளைச் சிப்பாய்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். கேப்டன் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். அவருடைய கட்டளை பிடிக்காவிட்டால் அதை வெளிப்படையாகவே சொல்வார்கள். அதே ஆண்டு ஜூன் 17 அன்று பங்கர் ஹில் சண்டையில், பயிற்சியற்ற அந்தக் கூட்டம் மண்மேட்டுக்குப் பின்னால் நின்று, பிரிட்டிஷ் தரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றும் காயப்படுத்தியும் காட்டியது. குன்றைப் பிடித்தவர்கள் பிரிட்டிஷார்தான். ஆனால் இன்னொரு முறை அந்த விலையைக் கொடுக்க அவர்களுக்குத் துணிவு வரவில்லை.

13 குடியேற்றங்களின் பொதுப் பேரவையான காங்கிரஸ் வாஷிங்டனைத் தலைமைத் தளபதியாக்கியது அதற்கு இரண்டு நாள் முன்னர், ஜூன் 15 அன்று. அவர் சம்பளம் வேண்டாம், செலவுக் கணக்கை மட்டும் கொடுத்தால் போதும் என்றார். வர்ஜீனியாவின் பெருநிலக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர், வரிசையும் மரியாதையும் பார்க்கும் மனிதர். அவருக்கு மாசசூசெட்ஸ் உள்ளிட்ட வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் சிப்பாய்களுடைய சமத்துவப் பழக்கம் அறவே பிடிக்கவில்லை. தனிக் கடிதங்களில் அவர்களை மிக இழிவாகவே எழுதினார். வந்து சேர்ந்த சில வாரங்களில் வெடிமருந்துக் கிடங்கைக் கணக்கெடுத்தபோது, ஒரு சிப்பாய்க்கு ஒன்பது குண்டுகள் சுடுமளவே இருப்பு இருந்தது தெரிந்தது. போதாக்குறைக்கு அந்த ஆண்டு டிசம்பரோடு பெரும்பாலோரின் ஒப்பந்தக் காலம் முடிந்தது. எதிரியின் கண் முன்னால் ஒரு படையைக் கலைத்து இன்னொரு படையைத் திரட்ட வேண்டிய நிலை வரலாற்றில் வேறு எந்தத் தளபதிக்கும் வந்ததில்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டது மிகையன்று.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் அவருக்குத் தேவையான மனிதர்களும் கிடைத்தார்கள். பாஸ்டனில் புத்தகக்கடை வைத்திருந்த, 25 வயதான ஹென்றி நாக்ஸ், பீரங்கிக் கலையைக் கடையில் இருந்த நூல்களைப் படித்தே கற்றவர். டைகான்டரோகா கோட்டையிலிருந்து ஏறத்தாழ 60 பீரங்கிகளைப் பனிக்காலத்தில் எருதுகள் இழுக்கும் சறுக்குவண்டிகளில் ஏற்றி 300 மைல் கொண்டுவந்தார். அவை 1776 மார்ச்சில் டார்செஸ்டர் மேட்டில் ஏறியதும் பிரிட்டிஷார் பாஸ்டனைக் காலி செய்தார்கள். நதானியேல் கிரீன், போரையே ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவுக் குடும்பத்தில் பிறந்து இரும்புப் பட்டறை நடத்தியவர். டானியல் மோர்கன், சரக்கு வண்டி ஓட்டியவர். ஜான் குளோவர், மார்பிள்ஹெட் துறைமுகத்தின் மீன் வணிகர். அவருடைய படைப்பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் மீனவர்களும் மாலுமிகளும். பிறப்பால் பதவி பெறும் ஐரோப்பியப் படையில் இவர்களில் எவரும் தளபதியாகியிருக்க முடியாது.

1776 ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில் வாஷிங்டன் படுதோல்வி அடைந்தார். பின்னால் ஆறு, முன்னால் எதிரி. இரண்டு நாள் கழித்து ஓர் இரவில் குளோவரின் மீனவர்கள் துடுப்புகளில் துணியைச் சுற்றி ஓசையடக்கி, ஏறத்தாழ 9,000 பேரை ஈஸ்ட் ஆற்றைக் கடக்க வைத்தார்கள். அந்த இரவு தவறியிருந்தால் போர் அங்கேயே முடிந்திருக்கும். தளபதியின் பிழையைச் சிப்பாய்களின் தொழில்திறமை ஈடுசெய்த முதல் நிகழ்ச்சி அது என்றே நான் கருதுகிறேன். செப்டம்பரில் வாஷிங்டன் காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. இனி முழுப் படையையும் ஒரே சண்டையில் பணயம் வைக்கக் கூடாது, தற்காப்புப் போரே நமக்கு ஏற்றது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். இயல்பில் தாக்குதலை விரும்பும் மனிதர் அவர். தன் இயல்புக்கு மாறாக இந்த முடிவை எடுத்து, இடறினாலும் பெரும்பாலும் அதைக் கடைப்பிடித்ததே அவருடைய தலைமையின் மிகப் பெரிய செயல். நகரங்கள் போகலாம், படை போகக் கூடாது. நியூயார்க் போனது, 1777-இல் தலைநகரான ஃபிலடெல்ஃபியாவும் போனது; போர் நிற்கவில்லை.

ஆனாலும் நவம்பரில் ஃபோர்ட் வாஷிங்டனில் ஒரே நாளில் 2,800-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டதற்கு அவருடைய தயக்கமே காரணம். அப்படிச் சிறைப்பட்டவர்கள் நியூயார்க்கில் சர்க்கரைக் கிடங்குகளிலும், பின்னர் வாலபௌட் வளைகுடாவில் நிறுத்தப்பட்ட பழைய கப்பல்களிலும் அடைக்கப்பட்டார்கள். இந்தப் போரில் அமெரிக்கத் தரப்பில் சண்டையில் மாண்டவர்கள் ஏறத்தாழ 6,800 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. பசியாலும் காய்ச்சலாலும் சிறையில் மாண்டவர்கள் அதைவிட அதிகம். கடற்படைக் கைதிகளில் பலருக்கு, பிரிட்டிஷ் கப்பலில் சேவை செய்ய ஒப்புக்கொண்டால் விடுதலை கிடைத்திருக்கும். பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவில்லை. சிப்பாய்களின் மன உறுதிக்குச் சான்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

டிசம்பர் 26 அதிகாலையில் டெலவேர் ஆற்றைக் கடந்து டிரென்டனில் இருந்த, பிரிட்டிஷார் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானிய ஹெஸ்ஸியப் படையைத் தாக்கியது எல்லோரும் அறிந்த கதை. சுமார் 2,400 பேர் சென்று ஏறத்தாழ 900 பேரைச் சிறைபிடித்தார்கள். அங்கும் படகோட்டியவர்கள் குளோவரின் ஆட்களே. அதைவிட முக்கியமானது சில நாள் கழித்து நடந்தது. ஆண்டு முடிவோடு ஒப்பந்தம் முடியும் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி, இன்னும் ஆறு வாரம் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 10 டாலர் தருவதாக வாஷிங்டன் கூறினார். முரசு ஒலித்தது, ஒருவரும் முன்வரவில்லை. அவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் பேசினார். அப்போது கட்டளையிடவில்லை, நீங்கள் செய்ததே எதிர்பார்த்ததைவிட அதிகம், ஆனாலும் நாடு இன்னும் கேட்கிறது என்று வேண்டினார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட சிப்பாய்கள் ஒவ்வொருவராக அடியெடுத்து முன்னால் வந்தார்கள். ஜனவரி 3 அன்று பிரின்ஸ்டனில் வென்றது அவர்களை வைத்துத்தான். ஓராண்டுக்கு முன் அவர்களை இழிவாக எழுதிய பெருநிலக்காரர், அவர்களிடம் வேண்டிப் பெற வேண்டியது எது என்பதை அன்று கற்றுக்கொண்டார்.

1777 முதல் படையின் முகம் மாறியது. மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை என்று ஒப்பந்தம் நீண்டது. போர் முடியும்வரை இருப்பவருக்கு 20 டாலர் முன்பணமும் 100 ஏக்கர் நிலமும் உறுதியளிக்கப்பட்டன. நிலமும் குடும்பமும் உள்ளவர்கள் தங்களுக்குப் பதில் ஆள் வைத்துவிட்டு வீட்டோடு இருந்தார்கள். வந்தவர்கள் நிலமில்லாத இளைஞர்கள், பண்ணையாட்கள், அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், கறுப்பினத்தவர்கள். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 7 டாலருக்கும் குறைவு; அதுவும் மதிப்பிழந்துகொண்டே போன காகிதப் பணம். 1780-இல் காங்கிரஸே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அறிவித்தது. இவர்கள் கூலிக்காக வந்தவர்கள் என்று அக்காலத்துச் செல்வர்கள் ஏளனம் செய்தார்கள். கூலிக்காக மட்டும் வந்தவன் கூலி வராதபோது போயிருப்பான். பலர் போகவும் செய்தார்கள்; படையை விட்டு ஓடுவது ஓயாத சிக்கலாகவே இருந்தது. ஆயினும் ஓர் ஆண்டுக்கு மேல் சம்பளமே காணாமல் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதைக் கூலிக் கணக்கால் விளக்க முடியாது.

இங்கே பெரியம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனெனில் அந்தப் போரின் மிக முக்கியமான கட்டளைகளுள் ஒன்று அதைப் பற்றியது. 1775–76-இல் கனடாவின் மீது படையெடுத்துச் சென்ற அமெரிக்கப் படை, குவிபெக் அருகே பெரியம்மையால் நிலைகுலைந்து திரும்பியது. பிரிட்டிஷ் சிப்பாய்களில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே அந்நோயைக் கண்டு பிழைத்தவர்கள். அமெரிக்கக் கிராமப்புற இளைஞர்களில் பெரும்பாலோர் அதைக் காணாதவர்கள். வாஷிங்டன் தம் 19-ஆம் வயதில் பார்படோஸ் தீவில் பெரியம்மை வந்து பிழைத்தவர் என்பதால் அதன் கொடுமையை அறிவார். 1777 பிப்ரவரியில் படை முழுவதற்கும் அம்மை குத்த உத்தரவிட்டார். அன்றைய முறை, நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து நலமாக இருப்பவரின் தோலில் கீறிச் செலுத்துவது. அதனாலும் சிலர் இறப்பார்கள். குத்திக்கொண்டவர்கள் சில வாரம் படுக்கையில் கிடப்பார்கள். அப்போது எதிரி தாக்கினால் தடுக்க ஆளில்லை. எனவே செய்தியை மறைத்து, பகுதி பகுதியாகச் செய்தார்கள். ஒரு முழுப் படைக்கும் இப்படி அம்மை குத்திய துணிச்சலான முயற்சிக்கு அதற்கு முன் எடுத்துக்காட்டு அரிது. எந்தச் சண்டையில் வென்றதையும்விட இந்த முடிவு அதிகம் பேரைக் காப்பாற்றியது.

1777 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவை இழந்த படை வேலி ஃபோர்ஜில் குளிர்காலப் பாசறை அமைத்தது. ஏறத்தாழ 12,000 பேர் தங்கினார்கள். அவர்களில் சுமார் 2,000 பேர் சண்டையே இல்லாமல் நோயால் மாண்டார்கள். நாட்டில் உணவு இல்லாமல் இல்லை. அதைக் கொண்டுவரும் வழங்கல் துறைதான் சீர்குலைந்திருந்தது. மார்ச்சில் கிரீன் அந்தப் பொறுப்பை விருப்பமின்றி ஏற்றுச் சீர்செய்தார். அந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய பெருமை இன்றுவரை அவருக்குக் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் வந்த பிரஷ்ய அதிகாரி ஃபான் ஸ்டாய்பன், தாமே துப்பாக்கியைக் கையில் எடுத்து, முதலில் ஒரு சிறு அணிக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டு மற்றவர்களைப் பழக்கினார். ஐரோப்பாவில் சிப்பாயிடம் ‘இதைச் செய்’ என்றால் செய்துவிடுவான், இங்கே ‘இதை ஏன் செய்ய வேண்டும்’ என்று காரணம் சொன்ன பிறகுதான் செய்கிறான் என்று அவர் தம் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதினார். குறை சொல்வது போலத் தோன்றினாலும், தம் பயிற்சி முறையை அவர் அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். 1778 ஜூனில் மான்மத்தில் கொளுத்தும் வெயிலில் பிரிட்டிஷ் முறைப்படைக்கு எதிரே நேருக்கு நேர் நின்று அந்தச் சிப்பாய்கள் சுட்டபோது பயிற்சியின் பயன் தெரிந்தது.

உடன்பாடு என்று நான் தொடக்கத்தில் கூறியதை மிகத் தெளிவாகக் காட்டுவது 1781-இன் கலகங்கள். மாரிஸ்டவுன் பாசறையில் இருந்த பென்சில்வேனியப் படைப்பிரிவினர் மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘மூன்று ஆண்டு அல்லது போர் முடியும்வரை’ என்ற வாசகத்தில் கையெழுத்திட்டவர்கள். மூன்று ஆண்டோடு ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள் சிப்பாய்கள். போர் முடியும்வரை இருக்க வேண்டும் என்றார்கள் அதிகாரிகள். சம்பளமோ ஓர் ஆண்டாக இல்லை. ஜனவரி 1 இரவு அவர்கள் ஆயுதங்களோடும் பீரங்கிகளோடும் வெளியேறினார்கள். தடுக்க முயன்ற ஓர் அதிகாரி கொல்லப்பட்டார். ஆனால் அது சிதறி ஓடிய கூட்டமன்று. சார்ஜென்டுகள் குழுவொன்றை அமைத்துக்கொண்டு, அணிவகுத்து, வழியில் கொள்ளையடிக்காமல் பிரின்ஸ்டனுக்குச் சென்று, தங்கள் மாநில அரசோடு பேச்சு நடத்தினார்கள். நியூயார்க்கிலிருந்த பிரிட்டிஷ் தளபதி கிளின்டன் இதுதான் சமயம் என்று, நிலுவைச் சம்பளத்தைத் தங்கமாகத் தருவதாகச் சொல்லித் தூதர்களை அனுப்பினார். சார்ஜென்டுகள் அந்தத் தூதர்களைப் பிடித்து அமெரிக்க அதிகாரிகளிடமே ஒப்படைத்தார்கள், இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அதற்குப் பரிசாகத் தரப்பட்ட பணத்தைக்கூட அவர்கள் வாங்க மறுத்தார்கள். பட்டினி கிடந்தவர்கள், கலகம் செய்துகொண்டிருந்தவர்கள், எதிரியின் தங்கத்தைத் தொடவில்லை. பேச்சின் முடிவில் பாதிக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் சில வாரங்களில் புதிய முன்பணம் பெற்றுக்கொண்டு மீண்டும் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் கேட்டது விடுதலைப் போரிலிருந்து விலகல் அன்று. எழுதிய ஒப்பந்தத்துக்கு மதிப்பு.

அதே மாதம் நியூ ஜெர்சிப் படைப்பிரிவினரும் கலகம் செய்தபோது வாஷிங்டன் வேறுவிதமாக நடந்துகொண்டார். இதையும் பொறுத்தால் படையே இராது என்று அஞ்சி, விடியற்காலையில் பாசறையைச் சுற்றி வளைக்கச் செய்து, முன்னின்றவர்களில் இருவரைச் சுட்டுக்கொல்ல உத்தரவிட்டார். சுடும் வேலையைக் கலகம் செய்த தோழர்களிடமே கொடுத்தார்கள். அவர்கள் அழுதுகொண்டே சுட்டார்கள். படைத்தலைவர் என்ற முறையில் அவருக்கு வேறு வழியிருக்கவில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. பென்சில்வேனியர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்ததால் பேச்சு கிடைத்தது, நியூ ஜெர்சிக்காரர்கள் குறைவாக இருந்ததால் தோட்டா கிடைத்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தெற்கே நிலைமை மோசமாக இருந்தது. 1780 மே மாதம் சார்லஸ்டனில் அமெரிக்கத் தளபதி பெஞ்சமின் லிங்கன் 5,000-க்கும் மேற்பட்டோருடன் சரணடைந்தார். ஆகஸ்டில் கேம்டனில் சரடோகாவில் வென்ற அமெரிக்கத் தளபதி கேட்ஸ் களத்தை விட்டே ஓடினார். டிசம்பரில் பொறுப்பேற்ற கிரீன், தம் சிறு படையை இரண்டாகப் பிரித்துப் போர் நூல்களுக்கு மாறாக நடந்தார். 1781 ஜனவரி 17 அன்று கௌபென்ஸில் டானியல் மோர்கன் செய்தது சிப்பாயை அறிந்த தலைமைக்கு நல்ல எடுத்துக்காட்டு. குடிப்படையினர் துப்பாக்கி முனைக் கத்திகளோடு பாய்ந்து வரும் முறைப்படையின் முன் நிற்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்களை நிற்கச் சொல்லவும் இல்லை. முந்தைய இரவு பாசறையில் மூட்டிய நெருப்பு ஒவ்வொன்றுக்கும் சென்று, இரண்டே முறை குறி பார்த்துச் சுடுங்கள், பிறகு பின்வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் அப்படியே செய்தார்கள். ஓடுகிறார்கள் என்று நினைத்து ஒழுங்கு குலைந்து துரத்திய பிரிட்டிஷ் அதிகாரி டார்ல்டனின் 1,100 பேரில் 800-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டோ மாண்டோ போனார்கள். மனிதர்களால் முடியாததைக் கேட்டு, முடியாதபோது கோழைகள் என்று தூற்றுவதே அந்நாளைய அதிகாரிகளின் வழக்கம். முடிந்ததை மட்டும் கேட்டவர் மோர்கன். மார்ச்சில் கில்ஃபோர்டில் கிரீன் களத்தை இழந்தார். ஆனால் வென்ற காரன்வாலிஸ் தம் படையில் கால் பங்கை அங்கே விட்டுவிட்டு வர்ஜீனியாவை நோக்கி, யார்க்டவுனை நோக்கி, நடக்க வேண்டியதாயிற்று.

யார்க்டவுனைப் பற்றி நிறையப் பேசப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வடக்கிலிருந்து தெற்கே அணிவகுக்கும் வழியில் சிப்பாய்கள் சம்பளமின்றி மேலே நகர முணுமுணுத்தபோது, பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் கடன் வாங்கி அவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் வெள்ளியாகக் கொடுக்கப்பட்டது. பலர் உண்மையான நாணயத்தைப் படையில் கண்டது அதுவே முதல் முறை. 1781 அக்டோபர் 19 அன்று 7,000-க்கும் மேற்பட்டோர் சரணடைந்தார்கள். காரன்வாலிஸ் உடல்நலமில்லை என்று வெளியே வரவில்லை. அங்கே தோற்ற அதே காரன்வாலிஸ்தான் 1786-இல் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து, 1792-இல் திப்பு சுல்தானைப் பணியவைத்து, திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனியின் கைக்கு மாற்றியவர். இந்தப் போரோடு பின்னிய உலகச் சண்டையின் கடைசி மோதல்களில் ஒன்றும் நம் கடலூரில் நடந்ததே: 1783 ஜூனில் அங்கே பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்ப் படையும் ஆங்கிலேயரோடு பொருதிக்கொண்டிருந்தபோதுதான், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்தது.

விடுதலை யாருக்கு என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தச் சிப்பாய்களைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அமெரிக்கத் தரப்பில் ஏறத்தாழ 5,000 கறுப்பினத்தவர் போரிட்டார்கள் என்பது பொதுவான மதிப்பீடு; ரோட் ஐலண்டு மாநிலம் 1778-இல் விடுதலை வாக்களித்து அடிமைகளைப் படையில் சேர்த்தது. ஆனால் அதைவிட மிகப் பலர் பிரிட்டிஷாரிடம் ஓடினார்கள்; ஏனெனில் 1775 நவம்பரிலேயே வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர், கிளர்ச்சியாளர்களின் அடிமைகள் தம் பக்கம் வந்து போரிட்டால் விடுதலை என்று அறிவித்திருந்தார். வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணையிலிருந்து தப்பிய ஹாரி வாஷிங்டன் பிரிட்டிஷ் படையில் பணியாற்றி, நோவா ஸ்கோஷியாவுக்கும் அங்கிருந்து சியரா லியோனுக்கும் சென்றார். அதே பண்ணையைச் சேர்ந்த வில்லியம் லீ, போர் முழுவதும் வாஷிங்டனின் அருகிலேயே குதிரையில் சென்றவர், அடிமையாகவே திரும்பினார். 1799-இல் எழுதிய உயிலின் மூலமே விடுதலை பெற்றார். அமெரிக்கர்களுக்குத் துணை நின்ற ஒனைடா பழங்குடியினர் போருக்குப் பின் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை நியூயார்க் மாநிலத்திடம் இழந்தார்கள். பிரிட்டிஷ் பக்கம் நின்ற இராக்குவாய் பழங்குடி மக்களின் 40-க்கும் மேற்பட்ட ஊர்களை 1779-இல் அமெரிக்கத் தளபதி சல்லிவனின் படை எரித்தது. அந்த உத்தரவு வாஷிங்டனுடையது. இவற்றைச் சொல்வதால் அந்தப் போரின் உயர்வு குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போர் ஓய்ந்த பிறகு, 1783 மார்ச் 15 அன்று நியூபர்கில் சம்பளமில்லாத அதிகாரிகள் காங்கிரஸை மிரட்டக் கூடினார்கள். வாஷிங்டன் எதிர்பாராமல் உள்ளே வந்து பேசினார். பிறகு ஒரு கடிதத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, நாட்டுக்காக உழைத்து நரைத்ததோடு பார்வையும் மங்கிவிட்டது என்றார். பலர் கண்கலங்கினார்கள், கூட்டம் கலைந்தது. படை அரசைக் கைப்பற்றும் ஆபத்து அந்த நாளோடு நீங்கியது என்பது உண்மை. டிசம்பர் 23 அன்று அவர் பதவியை விட்டு விலகியதும் உலகமே வியந்த செயல்தான். ஆனால் நியூபர்கின் விளைவாக அதிகாரிகளுக்கு ஐந்தாண்டு முழுச்சம்பளம் கடன் பத்திரமாகக் கிடைத்தது. சாதாரணச் சிப்பாய்களோ நிலுவைச் சம்பளத்துக்கான பத்திரங்களோடு, வழிச்செலவுக்குக்கூடக் காசில்லாமல் சிறு சிறு குழுக்களாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள்.

வயிற்றுப்பாட்டுக்காகப் பலரும் அந்தப் பத்திரங்களை முகமதிப்பில் மிகச் சிறு பங்குக்கு விற்றார்கள். 1790-இல் நிதியமைச்சர் ஹாமில்டன் அவற்றுக்கு முழு மதிப்புக் கொடுக்க முடிவு செய்தபோது, பணம் போய்ச் சேர்ந்தது வாங்கிப் பதுக்கியவர்களிடம். முதலில் பெற்ற சிப்பாய்க்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர் ஜேம்ஸ் மாடிசன் கொண்டுவந்த தீர்மானம் 36-க்கு 13 என்ற கணக்கில் தோற்றது. அதற்கு முன்பே, 1786–87-இல், கடனுக்கும் வரிக்கும் நிலத்தை இழந்த மாசசூசெட்ஸ் உழவர்கள் பங்கர் ஹில்லில் நின்ற முன்னாள் கேப்டன் டானியல் ஷேஸ் தலைமையில் எழுந்தார்கள். அவர்களை அடக்கச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் அதே பெஞ்சமின் லிங்கன்.

ஒரே ஒரு சிப்பாயின் வாழ்க்கை இந்தக் கணக்கை விளக்கப் போதும். கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜோசப் பிளம் மார்ட்டின் 1776-இல் 15 வயதில் படையில் சேர்ந்து, இடையில் ஒரு குளிர்காலம் தவிர, போர் முடியும்வரை இருந்தவர். யார்க்டவுன் முற்றுகையில் பதுங்குகுழி வெட்டியவர். போருக்குப் பின் மெய்ன் பகுதியில் 100 ஏக்கர் காட்டைத் திருத்திப் பயிரிட்டார். அந்த நிலம் உட்படப் பல லட்சம் ஏக்கர் தமக்கே உரியது என்று திருமண உறவின் வழியாக உரிமை கோரியவர் ஹென்றி நாக்ஸ், டைகான்டரோகா பீரங்கிகளைக் கொண்டுவந்த அதே நாக்ஸ். மார்ட்டினின் நிலத்துக்கு 170 டாலர் விலை வைக்கப்பட்டது. அவரால் கட்ட முடியவில்லை. தம் குடும்பத்தின் வறுமையைச் சொல்லித் தம் பழைய தளபதிக்கு வேண்டுகோள் எழுதினார். நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போயிற்று. 1818-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் அவர் விண்ணப்பித்தபோது காட்டிய சொத்து இரண்டு பசுக்கள், ஆறு ஆடுகள், ஒரு பன்றி. அவருக்கு ஆண்டுக்கு 96 டாலர் அனுமதிக்கப்பட்டது.

அந்தச் சட்டம் வறியவர்களுக்கு மட்டுமே உரியது. வறுமையை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். வறுமையை மெய்ப்பிக்காமலேயே, இரண்டு ஆண்டு பணியாற்றிய எவருக்கும் வாழ்நாள் முழுவதும் முழுச் சம்பளம் என்ற சட்டம் 1832-இல்தான் வந்தது. ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற பெயரில் ஆணுடையில் போரிட்ட டெபோரா சாம்ப்சன் போன்ற சிலர் அதற்கு முன்பே தனியாக மனுச் செய்து பெற்றிருந்தார்கள். இந்தச் சட்டங்களின் கீழ் வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 80,000 கோப்புகளாக அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எழுதத் தெரியாத முதியவர்கள் நீதிமன்ற எழுத்தரிடம் சொல்லச் சொல்லப் பதிவான வாக்குமூலங்கள் அவற்றில் நிறைய உண்டு. எந்த ஆற்றைக் கடந்தோம், எந்த அதிகாரி நல்லவர், எத்தனை மாதம் சம்பளம் வரவில்லை என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. படங்களாக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கும் அந்தக் கோப்புகளை, தளபதிகளின் கடிதங்களைப் படித்தவர்கள் அடுத்ததாகப் படிக்க வேண்டும் என்பதே கேள்வி கேட்டவருக்கு என் பரிந்துரை.